கமாவும் கமிட்டும்

எழுபதுகளில் தஞ்சாவூர்ப் பக்கம் பாட்டுக் கற்றுக்கொண்ட யாரையாவது உட்கார வைத்துக் கேட்டுப் பாருங்கள். ராகத்தைப் பற்றி அப்புறம்தான் பேசுவார்கள், முதலில் நோட்டைப் பற்றித்தான் ஆரம்பிப்பார்கள். நீளவாக்கில் கோடு போட்ட நோட்டு, பழுப்புத் தாள் அட்டை, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, நான்கு மூலையிலும் விஜயதசமியன்று வைத்த மஞ்சள், உள்ளே சரளி வரிசையில் தொடங்கி ஜண்டை, அலங்காரம், கீதம் என்று படிப்படியாக ஏறி வர்ணத்தில் கையெழுத்து கொஞ்சம் முதிர்ந்து கிருதிக்கு வரும்போது அவசரப்பட்டுக் கோணலாகும் எழுத்து, பின் அட்டையில் பால் கணக்கு. அந்த நோட்டு இன்று உங்கள் வீட்டுப் பரணிலும் இருக்கலாம். இல்லையென்றால் எந்த வருஷம் எந்தப் பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போனது என்று அம்மாவைக் கேட்டால் சொல்வார்.

என் நோட்டுக்குக் கூடுதலாக ஒரு கௌரவம் உண்டு. வகுப்பில் குரல் சுமார்தான் என்றாலும் கையெழுத்தில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆகவே வாத்தியார் பாடப் பாட எழுதும் உத்தியோகம் எனக்கே வந்து சேர்ந்தது. மற்றவர்கள் என்னிடமிருந்து பிரதி எடுப்பார்கள். ஸ்வரத்துக்குப் பிரில் நீல இங்க், சாகித்யத்துக்குச் சிவப்பு, ராகத்தின் பெயருக்குப் பச்சை என்று நான் பேனா மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு வாத்தியார் ஒருநாள், “பாடம் எழுதறியா, படம் வரையறியா?” என்று கேட்டார். இருந்தும் சங்கீத உலகமே என் பேனா முனையில் நிற்கிறது என்ற நினைப்பு எனக்கு நெடுநாள் போகவில்லை.

அந்த வயதில் என் பெரிய மனக்குறை ஒன்றைச் சொன்னால் இன்று சிரிப்பு வரும். மாதா கோயில் ஆர்மோனியத்தின் மேல் மேல்நாட்டு இசைப் புத்தகம் ஒன்று விரித்திருந்ததைப் பார்த்திருந்தேன். ஐந்து கோடு, அதில் ஏறி இறங்கும் கறுப்பு முட்டைகள், வால், வாலில் கொடி, ஓரத்தில் சுருண்டு நிற்கும் ஓர் அலங்காரம். அதற்குப் பக்கத்தில் நம்முடையதை வைத்தால் என்ன இருக்கிறது? ஏழே எழுத்து. ஸ என்றால் ஓர் அட்சரம், ஸா என்றால் இரண்டு. இன்னும் நீட்ட வேண்டுமானால் ஒரு கமா போட்டால் ஓர் அட்சரம் கூடும், அரைப்புள்ளி போட்டால் இரண்டு. தாளத்தின் அங்கம் முடிந்தால் ஒரு செங்குத்துக் கோடு, ஆவர்த்தனம் முடிந்தால் இரண்டு கோடு. மளிகைச் சீட்டு எழுதத் தெரிந்தவன் இதையும் எழுதிவிடலாம். நம் ஆட்கள் ஏன் இப்படிக் கஞ்சத்தனமாக இருந்துவிட்டார்கள் என்று எனக்கு உள்ளுக்குள் வருத்தம். அந்தக் கஞ்சத்தனம் ஒருநாள் கம்ப்யூட்டருக்கு மிகவும் பிடித்துப்போகும் என்று ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் நின்ற அந்தப் பையனிடம் யாராவது சொல்லியிருந்தால் முதலில் கம்ப்யூட்டர் என்றால் என்ன என்றுதான் கேட்டிருப்பான்.

பிரதி எடுப்பது என்றால் அப்போது கையால் எழுதுவதுதான். ஜெராக்ஸ் கடை எங்கள் ஊருக்கு வரப் பல வருஷம் இருந்தது. அபூர்வமான கிருதி உள்ள நோட்டு ஒன்று யாரிடமாவது இருந்தால், அதை ஓர் இரவுக்கு மட்டும் வாங்கி வருவதற்குள் கல்யாணத்துக்குப் பெண் கேட்பது போல நாலு பேரைச் சிபாரிசுக்கு அழைக்க வேண்டியிருக்கும். கிடைத்த இரவில் நாற்பது வாட் பல்பின் கீழே குனிந்து எழுத எழுத, வாய் முணுமுணுக்க, இடது கை தொடையில் தாளம் போட, விடிவதற்குள் பல்லவியும் அனுபல்லவியும் எப்படியோ மனத்தில் ஏறி உட்கார்ந்திருக்கும். பிரதி எடுத்து முடித்தபோது பிரதியே பாதி வேண்டாததாகியிருக்கும். வாத்தியாரும் அதைத்தான் விரும்பினார். நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பாடினால் அவருக்குப் பிடிக்காது. “பாத்துப் பாடாதே, பாடிட்டுப் பாரு” என்பார். ஏதாவது சங்கதியை மாற்ற நினைத்தால் என் நீல எழுத்தை அழிக்கமாட்டார். மேலே பென்சிலால் புதிதை எழுதி, ஓரத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டுத் தருவார். பழையது கீழே, புதியது மேலே, இரண்டும் கண்ணுக்குத் தெரியும்.

வானொலியில் இசைப் பயிற்சி வரும் நேரத்தில் நிலைமை வேறு. அங்கே சொல்லிக் கொடுப்பவர் என் பேனாவுக்காகக் காத்திருக்கமாட்டார். அக்கா ஸ்வரத்தைப் பிடிக்க, நான் சாகித்யத்தைப் பிடிக்க, நடுவில் யாராவது வாசலில் கூப்பிட்டால் சரணத்தின் இரண்டாவது வரி அடுத்த ஒலிபரப்பு வரை காலியாகவே கிடக்கும். பிறகு கேஸட் வந்தது. வேண்டிய இடத்தில் நிறுத்தலாம், பின்னால் ஓட்டலாம், அதே சங்கதியை நாடா தேயும் வரை கேட்கலாம். காலி வரிகள் நிரம்பின. ஆனால் ஒரே தடவையில் கேட்டுப் பிடித்தாக வேண்டும் என்று காதை நிமிர்த்தி வைத்திருந்த அந்தப் பதற்றம் போய்விட்டது, அதோடு காதும் கொஞ்சம் படுத்துக்கொண்டது.

வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்த என்னை ஆபீஸில் கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடும் ஒரு பெட்டியின் முன்னால் உட்கார வைத்தார்கள். மேலதிகாரி வீட்டுக்குப் போனதும் நான் முதலில் செய்த சொந்த வேலை, வேர்ட்ஸ்டாரில் ஒரு வர்ணத்தை ஆங்கில எழுத்தில் அடித்தது. அடித்து முடித்தபோதுதான் ஆர்மோனியப் பையனின் வருத்தம் தீர்ந்தது. ஏழு எழுத்து, கமா, அரைப்புள்ளி, செங்குத்துக் கோடு எல்லாமே கீபோர்டில் இருந்தன. நம் சங்கீதக் குறிப்புக்குத் தனி எழுத்துரு வேண்டாம், தனி மென்பொருள் வேண்டாம். வெள்ளைக்காரர்களுக்குத்தான் முட்டையையும் வாலையும் திரையில் வரைய ஆயிரம் பாடு.

அந்தப் பாட்டை அவர்கள் பட்ட விதம் சுவையானது. இங்கிலாந்தில் கிறிஸ் வால்ஷா என்பவர் நாட்டுப்புற மெட்டுகளை வெறும் எழுத்துகளாலேயே குறித்துக்கொள்ள ஏபிசி என்று ஒரு முறையை உருவாக்கினார். 1996இல் ஹான்-வென் நீன்ஹாவுஸ், யான் நியூவன்ஹாவுஸன் என்ற இரண்டு டச்சுக்காரர்கள் லில்லிபாண்டு என்ற மென்பொருளைத் தொடங்கினார்கள். சாதாரண டெக்ஸ்ட் கோப்பில் எழுத்தும் எண்ணுமாக அடித்துக் கொடுத்தால், பழைய காலச் செதுக்கு வேலைக்காரர் கையால் செய்தது போன்ற அழகான ஐந்து கோட்டுப் பக்கத்தை அது அச்சிட்டுத் தரும். மாதா கோயிலில் நான் பார்த்துப் பொறாமைப்பட்ட படத்தைக் கைவிட்டு அவர்கள் எழுத்துக்கு வந்து சேர்ந்துகொண்டிருந்தார்கள். ஒரே ஒரு சங்கடம்: லில்லிபாண்டில் எழுத்துக்குப் பின்னால் கமா போட்டால் ஸ்தாயி ஒன்று கீழே இறங்கிவிடும். நீட்டுவதற்குக் கமா போட்டே பழகிய நான் முதன்முதலில் அடித்த வரி மந்தர ஸ்தாயியில் போய் விழுந்து கிடந்தது.

தமிழில் அடிக்கப் போனபோது வேறு கூத்து. தொண்ணூறுகளில் ஆளுக்கு ஓர் எழுத்துரு, எழுத்துருவுக்கு ஒரு குறியேற்றம். ஓர் இடத்தில் தமிழாக இருந்த கோப்பு இன்னோர் இடத்தில் திறந்தால் பூச்சி பூச்சியாகத் தெரியும். 1999இல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு கூடி டேம், டேப் என்று இரண்டு தரங்களைப் பரிந்துரைத்தது. பிறகு யூனிகோடு வந்து எல்லாவற்றையும் ஓரங்கட்டியது. இந்தக் களேபரத்தில் ஆசை ஆசையாகத் தமிழில் அடித்து வைத்த என் கிருதிகள் படிக்க முடியாமல் செத்தன. தமிழ்ப் பற்றில்லாமல் ஆங்கில எழுத்தில் அடித்தவை மட்டும் இன்றும் குண்டுக்கல்லாகத் திறக்கின்றன. யூனிகோடிலும் ஒரு குறும்பு பாக்கி இருந்தது. தார ஸ்தாயிக்கு எழுத்தின் தலையில் புள்ளி வைப்பது நம் வழக்கம். கம்ப்யூட்டரில் ஸ தலையில் புள்ளி வைத்தால் அது மெய்யெழுத்தாகி ஸ் என்று சத்தத்தை அடக்கிக்கொண்டு நிற்கிறது. க, ம, ப, த நான்கும் அப்படியே. ரியும் நியும் கொக்கி போட்டுக்கொண்டு நிற்பதால் அவற்றின் மேல் அந்தப் புள்ளியும் ஏறாது. தொல்காப்பியரும் சங்கீத வித்வான்களும் ஒரே புள்ளிக்கு அடித்துக்கொண்டதில் நான் நடுவில் மாட்டினேன். கடைசியில் தார ஸ்தாயிக்கு எழுத்தின் பின்னால் ஒற்றை மேற்கோள் குறி, மந்தரத்துக்கு முன்னால் ஒரு முற்றுப்புள்ளி என்று சமரசம் செய்துகொண்டேன்.

இந்த இடத்தில் எட்டயபுரத்தைச் சொல்லாமல் போனால் பாவம். அங்கே சமஸ்தான வித்வானாக இருந்த சுப்பராம தீட்சிதர், முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் வழி வந்தவர், சின்னசாமி முதலியாரின் தூண்டுதலால் சங்கீத சம்பிரதாய பிரதர்சினியைத் தெலுங்கு எழுத்தில் எழுதி 1904இல் அச்சிட்டார். அப்போது அவருக்கு வயது 65. ஸ்வரத்தை மட்டும் எழுதினால் பாட்டு வராது என்று அவருக்குத் தெரியும். அதனால் ஸ்வரத்தை அசைக்கும் ஒவ்வொரு கமகத்துக்கும் ஓர் அடையாளம் ஏற்படுத்தினார். கம்பிதத்துக்கு அலைக்கோடு, ஏற்ற ஜாருவுக்கு வலப்பக்கம் சாய்ந்த கோடு, இறக்க ஜாருவுக்கு இடப்பக்கம் சாய்ந்த கோடு, ரவைக்குக் கூரை, ஒடுக்கலுக்குப் பெருக்கல் குறி, நொக்குக்கு ஆங்கில டபிள்யூவைப் போன்ற ஒரு குறி. என் கீபோர்டைக் குனிந்து பாருங்கள்: ~ இருக்கிறது, / இருக்கிறது, \ இருக்கிறது, ^ இருக்கிறது. ஈய எழுத்துகளைக் கோத்து அந்தக் கிழவர் செய்த வேலைக்கு வேண்டிய சரக்கு அவ்வளவும் என் விரல் நுனியில் கிடக்கிறது. என் கோப்புகளிலோ ஒரு கமகக் குறிகூடக் கிடையாது. அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டவை அப்படியே நிற்கின்றன.

சரி, தலைப்பில் உள்ள கமிட்டுக்கு வருவோம். திருத்தத்தைப் பதிவு செய்வதற்குக் கிட் என்ற கருவியில் அதுதான் பெயர். லினக்ஸ் மென்பொருளின் மூல நிரலைக் கட்டி மேய்க்க லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் சில வாரங்களில் எழுதிய கருவி அது. கோப்பில் செய்யும் ஒவ்வொரு திருத்தத்தையும் யார், எப்போது, எதை மாற்றினார் என்று குறித்து, அதற்கு 40 எழுத்தில் ஓர் அடையாள எண்ணும் கொடுத்துப் பத்திரப்படுத்தும். ஆபீஸில் நிரலுக்கு உபயோகித்துப் பழகிய பிறகு, ஃபைனல், ஃபைனல் புதுசு, ஃபைனல் புதுசு இரண்டு என்று நானே பெயரிட்டு நானே குழம்பிக்கொண்டிருந்த பாட்டுக் கோப்புகளையும் அதில் ஏற்றினேன். கிட் மாற்றங்களை வரி வரியாகக் காட்டும் என்பதால், ஒரு வரிக்கு ஓர் ஆவர்த்தனம் என்று எல்லாவற்றையும் திருப்பி அடித்தேன். ஆதி தாளத்தில் மோகனம், என் சொந்தக் கைச்சரக்கு ஒன்றைத் திருத்திய அன்று டிஃப் இப்படிக் காட்டியது:

- க , ப க ரி ஸ ரி , | க ப த ப | க ரி ஸ ரி ||
+ க ; க ரி ஸ ரி , | க ப த ப | க ரி ஸ ரி ||

மேல் வரி பழையது, கீழ் வரி புதியது. பஞ்சமத்தைத் தொடாமல் காந்தாரத்திலேயே நின்றிருக்கிறேன். கமா போன இடத்தில் அரைப்புள்ளி வந்து கணக்கு பதினாறாகவே இருக்கிறது. அந்தக் கணக்கைச் சரிபார்க்க ஒரு சின்ன நிரலும் எழுதி வைத்திருக்கிறேன். ஏதாவது வரியில் அட்சரம் ஒன்று குறைந்தால் கமிட் செய்ய விடாது. முன்பு இந்த வேலையை வாத்தியாரின் வலது கை செய்தது, என் தொடையில். நிரல் எந்த வரியில் பிழை என்று துல்லியமாகச் சொல்கிறது. வாத்தியார் சொல்லவே மாட்டார், அடி விழுந்த நேரத்தை வைத்து நாமே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். நெடுங்காலம் நினைவில் நின்றது எந்தப் பிழை என்று உங்களுக்கே தெரியும்.

கிட்டில் பிளேம் என்று ஒரு கட்டளை இருக்கிறது. கோப்பின் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், அதைக் கடைசியாகத் தொட்டவர் பெயரைத் தேதியோடு போட்டுக் காட்டும். எங்கள் உலகத்தில் இதே விசாரணை ஒரு கேள்வியில் நடந்துவிடும். புதிதாக வந்த பிள்ளை ஒரு கிருதியைப் பாடும்போது எங்கோ ஒரு சங்கதி திரும்பியதும் வாத்தியார் கையை உயர்த்தி, “யாருகிட்ட கத்துக்கிட்டே?” என்பார். கோபம் பாதி, ஆவல் பாதி. தியாகராஜர் 1847இல் மறைந்த பிறகு வாலாஜாபேட்டை, உமையாள்புரம், தில்லைஸ்தானம் என்று சீடர்கள் வழியாகக் கிளை பிரிந்து வந்த பாட்டுகள் அல்லவா? எந்தக் கிளையிலிருந்து இந்தச் சங்கதி வந்தது, நடுவில் எந்த மகானுபாவர் இதைச் சேர்த்தார் என்று தெரிந்துகொள்ளாமல் அவரால் மேலே போக முடியாது. பதிலைக் கேட்டுவிட்டு, “அப்படியா, அங்கே அப்படித்தான் பாடுவாங்க” என்று விட்டுவிடுவதும் உண்டு.

நானும் ஒருநாள் ஆசையாக என் கோப்பு ஒன்றில் பிளேம் போட்டுப் பார்த்தேன். பல்லவி முதல் வரியிலிருந்து சரணம் கடைசி வரி வரை எல்லா வரிக்கும் ஒரே பெயர், என்னுடையது. இயற்றியவர் பெயர் இல்லை, நூறு வருஷம் வாய் மாற்றி வாய் கொண்டுவந்தவர்கள் பெயர் இல்லை, பென்சிலால் திருத்திக் கொடுத்த வாத்தியார் பெயர் இல்லை. தட்டச்சு செய்தவன் மட்டும் வரிக்கு வரி உட்கார்ந்திருக்கிறான். பேனா முனையில் சங்கீதம் நிற்கிறது என்று பூரித்த பழைய பையனுக்கு ஒரு மெஷின் அத்தாட்சிப் பத்திரமே கொடுத்துவிட்டது.

டொராண்டோவில் இருக்கும் என் அண்ணன் மகள் திரையில் முகம் பார்த்துப் பாட்டுக் கற்றுக்கொள்கிறாள். என் கோப்புகளை எடுத்து, தன் டீச்சர் பாடாந்தரப்படி திருத்தி, ஒரு பிராஞ்சாக, அதாவது தனிக் கிளையாக, அனுப்பியிருந்தாள். சேர்க்கப் போனால் கிட் முரண்டு பிடித்தது. ஒரே வரியை இரண்டு பேர் இரண்டு விதமாக எழுதியிருக்கிறீர்கள், எது வேண்டும் என்று அம்புக்குறி வரிசையாகப் போட்டு இரண்டையும் எதிரெதிரே நிறுத்திவிட்டது.

“சித்தப்பா, ரெண்டுல ஒண்ணை வச்சுக்கிட்டு மெர்ஜ் பண்ணிடுங்க” என்றாள் போனில்.

“ரெண்டும் நல்லாத்தானேம்மா இருக்கு?”

“கிட் ஒத்துக்காது சித்தப்பா. ஒண்ணைத்தான் வச்சுக்கணும்.”

“கச்சேரியில என்ன செய்வாங்க?”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு அவளே சிரித்துவிட்டாள். முதல் தடவை அவள் வரி, இரண்டாவது தடவை என் வரி என்று இரண்டு சங்கதிகளாக ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தோம். கிட்டும் சத்தம் போடாமல் வாங்கிக்கொண்டது. இன்னொரு டீச்சரிடமிருந்து இன்னொரு வரி வந்தால் மூன்றாவது சங்கதி. நம் சங்கீதம் தன் சண்டைகளில் பாதியை இப்படித்தான் தீர்த்துக்கொண்டு வந்திருக்கிறது.

லாப நஷ்டக் கணக்கு பார்த்தால் லாபம் இல்லை என்று சொல்லமாட்டேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டின் தரைத்தளத்தில் இருந்த ட்ரங்குப் பெட்டி முழுக்கப் பாட்டு நோட்டுகள். தண்ணீர் வடிந்த பிறகு அதை வெயிலில் காய வைத்துப் பார்த்தார்கள், இங்க் ஒன்றோடொன்று கலந்து பக்கமெல்லாம் ஒரே வெளிர்நீலம். ஒரு தலைமுறையின் பாடாந்தரம் அதோடு போயிற்று. டெக்ஸ்ட் கோப்பாக இருந்திருந்தால் டொராண்டோவில் ஒரு பிரதி உலர்ந்தே இருந்திருக்கும். நஷ்டமும் இருக்கிறது. எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்ற தெம்பில் நான் எதையும் மனப்பாடம் செய்வதில்லை. யாராவது வீட்டுக்கு வந்து பாடச் சொன்னால் கைபேசியைத் தேடுகிறேன். அதில் சார்ஜ் தீர்ந்தால் எனக்குச் சரணம் தீர்ந்துபோகிறது.

உங்கள் வீட்டில் அப்படி ஒரு நோட்டு இருந்தால், அதைக் கீழே இறக்குங்கள். அலங்காரமான மென்பொருள் எதுவும் வேண்டாம், சாதாரண டெக்ஸ்ட் கோப்பில் ஏழு எழுத்தையும் கமாவையும் அடித்துப் போடுங்கள். பென்சில் திருத்தம் இருந்தால் முதலில் நீல எழுத்தில் உள்ளதைக் கமிட் செய்யுங்கள், பிறகு பென்சில் வரியைத் தனியாகக் கமிட் செய்யுங்கள். கமிட் செய்யும்போது ஒரு வரிச் செய்தி எழுதச் சொல்லிக் கேட்கும். பலரும் அங்கே ‘திருத்தம்’ என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். யார் பாடிக் கேட்டது, அவர் யாரிடம் கற்றுக்கொண்டார், எந்த ஊர் என்று தெரிந்ததை அங்கே எழுதுங்கள். அம்மாவுக்குத் தெரிந்திருக்கும், இப்போதே கேட்டுவிடுங்கள். அப்புறம் திரையை மூடிவிட்டு ஒரு தடவை பாடிப் பாருங்கள்.